சூரியனைப் பார்த்துக் குரைக்கும் நாய்: செங்டு நகரின் வானமும் காற்றும்

சீனத்தில் ஒரு பழமொழி உண்டு: "ஷூ நாட்டு நாய் சூரியனைப் பார்த்துக் குரைக்கும்." ஷூ என்பது இன்றைய சிச்சுவான் மாகாணத்தின் பழைய பெயர். அந்தப் பக்கத்தில் வெயில் அவ்வளவு அபூர்வம். என்றைக்காவது சூரியன் தலைகாட்டினால், யாரோ அந்நியன் ஊருக்குள் வந்துவிட்டான் என்று நாய்கள் குரைக்கத் தொடங்கிவிடுமாம். ஊர் உலகம் அறியாதவன் சாதாரண விஷயத்தைக் கண்டு வாய்பிளப்பதைக் கேலி செய்ய இன்றும் இதைச் சொல்கிறார்கள். தாங் அரச மரபின் காலத்திலேயே, ஏறக்குறைய 1,200 ஆண்டுகளுக்கு முன்பே, இந்தக் கேலி எழுத்தில் ஏறிவிட்டது.

அப்போது காரும் கிடையாது, ஆலையும் கிடையாது. ஆனாலும் சிச்சுவானின் தலைநகரான செங்டுவின் சாம்பல் வானத்தைப் படத்தில் பார்த்தவுடன் பலருக்கும் "சீனா, நிலக்கரி, புகை" என்று மூன்று சொற்களில் தீர்ப்பு வந்துவிடுகிறது. இன்னொரு தரப்பு உண்டு. "அது வெறும் மூடுபனி, அந்த ஊர் எப்போதும் அப்படித்தான்" என்று கையை உதறிவிடுவார்கள். இரண்டு தரப்பும் வானத்தின் நிறத்தை மட்டும் பார்த்துப் பேசுகிறது. காற்றின் தரத்தைச் சொல்வதற்கு நிறம் மிக மோசமான சாட்சி. ஏன் என்று புரிய, செங்டுவின் நில அமைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

புகை வேறு, அறை வேறு

ஒரு சமையலறையில் மிளகாய் வற்றலைத் தாளிக்கிறீர்கள். ஜன்னல் திறந்திருந்தால் இரண்டு தும்மலோடு போய்விடும். ஜன்னலைச் சாத்திவிட்டு அதே நான்கு மிளகாயைத் தாளித்தால் பக்கத்து அறையில் இருப்பவரும் இருமத் தொடங்குவார். மிளகாய் கூடவில்லை, நெடி போக வழியில்லை, அவ்வளவுதான்.

நகரத்துக்கும் இதே கணக்கு. வண்டி, ஆலை, அடுப்பு, வயல் என்று எங்கிருந்தெல்லாமோ காற்றில் கலக்கும் பொருள்களுக்கு உமிழ்வு என்று பெயர். தாளிக்கும் மிளகாய் அதுதான். அந்த உமிழ்வு எவ்வளவு இடத்தில் பரவும், எவ்வளவு நேரம் தங்கும் என்பதை நிலமும் வானிலையும் தீர்மானிக்கின்றன. அறையும் ஜன்னலும் அவை. நம் மூக்குக்கு வந்து சேர்வது இரண்டும் சேர்ந்த விளைவு. இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசுவதால்தான் பாதிக் குழப்பம்.

மூடியுள்ள தேநீர்க் கிண்ணம்

செங்டுவின் தேநீர்க் கடைகளில் மூங்கில் நாற்காலியில் உட்கார்ந்தால், மூன்று உறுப்புள்ள ஒரு பாத்திரம் வரும்: கீழே சிறு தட்டு, நடுவில் கிண்ணம், மேலே மூடி. மூடியைத் திறந்து பக்கத்தில் வைத்தால், நீண்ட மூக்குள்ள கெண்டியோடு ஒருவர் வந்து வெந்நீர் ஊற்றிவிட்டுப் போவார். மூடியை மூடிவிட்டால் ஆவி உள்ளேயே சுழன்று, மூடியின் அடியில் துளித்துளியாகப் படியும்.

அந்த நகரம் உட்கார்ந்திருப்பதும் இப்படியொரு கிண்ணத்துக்குள்தான். சிச்சுவான் வடிநிலம் என்று அதற்குப் பெயர். நாலாபக்கமும் மலை சூழ்ந்து நடுவில் தாழ்ந்து கிடக்கும் நிலமே வடிநிலம். இதன் அடித்தளம் மட்டும் ஒன்றரை லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். வடக்கே சின்லிங் மலைத்தொடரும் டாபா மலைகளும். சின்லிங்கின் உச்சி 3,700 மீட்டரைத் தாண்டும். தெற்கே யுன்னான்–குய்சோ பீடபூமி. கிழக்கே மலைகளை அறுத்துக்கொண்டு யாங்சி ஆறு வெளியேறும் குறுகிய பள்ளத்தாக்குகள். மேற்கேதான் பெரிய சுவர்: சராசரியாக 4,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் திபெத்தியப் பீடபூமி.

செங்டு இந்தக் கிண்ணத்தின் மேற்கு ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதாவது, பெரிய சுவரின் காலடியில். நகருக்கு மேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று அப்பால், 6,250 மீட்டர் உயரமுள்ள நான்கு கன்னியர் மலையின் சிகரம் நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் பனிமலை இருந்தும் ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அது கண்ணில் படுவதில்லை. தெரிகிற நாளில் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் மொட்டைமாடிகளில் கேமராவோடு கூட்டம் சேர்ந்துவிடும். இந்த ஆண்டு எத்தனை நாள் மலை தெரிந்தது என்று கணக்கு வைத்துக்கொள்ளும் ஆர்வலர்களும் உண்டு.

நகருக்குக் கிழக்கே லுங்சுவான் என்ற சிறிய மலைத்தொடர் ஒன்று குறுக்கே கிடக்கிறது. ஆக, பெரிய கிண்ணத்துக்குள் ஒரு சின்னக் கிண்ணம். அதில் 2 கோடிப் பேர்.

மலைச் சுவர்களால் முதலில் நடப்பது, காற்று வீசுவது குறைந்துவிடுவது. செங்டுவில் காற்றின் சராசரி வேகம் நொடிக்கு ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். நீங்கள் கடைக்கு நடந்து போகும் வேகம் அதைவிட அதிகம். இலைகூட அசையாத நேரங்கள் ஏராளம். சீனாவின் பெருநகரங்களில் இவ்வளவு காற்றோட்டம் குறைந்த ஊர்கள் அதிகமில்லை. பெய்ஜிங்கில் குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து கடுங்காற்று ஒன்று கிளம்பினால் ஒரே இரவில் வானம் துடைத்துவிட்டதுபோல் ஆகிவிடும். செங்டுவுக்கு அந்தத் துடைப்பம் வந்து சேர்வது அரிது, சின்லிங் குறுக்கே நிற்கிறது.

அதே சின்லிங்தான் குளிரையும் தடுக்கிறது. ஜனவரியில் பெய்ஜிங்கின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே. செங்டுவில் 5, 6 டிகிரி. குளிர்காலத்திலும் காய்கறி விளையும், பச்சை மாறாது. வளம் கொழிக்கும் நாடு என்று பழைய காலத்திலிருந்தே சிச்சுவானைக் கொண்டாடியதற்குக் காரணமான அதே மலைதான் புகையையும் பிடித்து வைத்துக்கொள்கிறது.

மூடி எப்படி உருவாகிறது?

கிண்ணம் மட்டும் இருந்தால் புகை மேலே போய்விடலாமே? வழக்கமாகப் போகத்தான் செய்யும். தரையருகே உள்ள காற்று வெயிலில் சூடாகும், சூடான காற்று லேசாகி மேலே எழும், கூடவே புகையையும் தூக்கிக்கொண்டு போகும். உயரப் போகப் போகக் குளிர்ச்சி என்பதுதான் வளிமண்டலத்தின் சாதாரண ஒழுங்கு.

சில நேரம் இந்த ஒழுங்கு புரண்டுவிடும். கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே சூடான காற்று என்று அடுக்கு மாறி அமையும். இதை வெப்பத் தலைகீழ் மாற்றம் என்கிறார்கள். குளிர்ந்த காற்று கனமானது, எழாது. எழ முயன்றாலும் மேலே இருப்பது தன்னைவிட லேசான காற்று என்பதால் திரும்பவும் கீழேயே அமரும். பார்வைக்குத் தெரியாத ஒரு மூடி விழுந்துவிட்டது என்று பொருள்.

தெளிந்த இரவுகளில் தரை குளிர்ந்து இப்படி ஒரு சிறு மூடி உருவாவது உலகெங்கும் உண்டு. காலை வெயில் ஏறியதும் கரைந்துவிடும். செங்டுவின் குளிர்காலத்தில் அதற்கு மேலே இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. மேற்கே உள்ள பீடபூமியில் குளிர்காலத்தில் மேகம் குறைவு, வெயில் நன்றாகக் காயும். அங்கே சூடான காற்று, மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் உயர்மட்டக் காற்றோட்டத்தில் மிதந்து வந்து, வடிநிலத்தின் தலைக்கு மேல் படர்கிறது. கீழே கிண்ணத்துக்குள் குளிர்ந்து கனத்த ஈரக் காற்று. மேலே பீடபூமியிலிருந்து வந்த வெதுவெதுப்பான காற்று. மேலே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருக்கும். மூடிக்கு அடியில் ஈரம் தேங்கி மேகப் படலமாகப் பரவி, அந்த வெயிலைத் தரைக்கு வரவிடாது. வெயில் வராததால் தரை சூடாகாது. தரை சூடாகாததால் மூடி திறக்காது. நாள்கணக்கில் இப்படியே நிற்கும்.

நாய் குரைத்த காரணம் இதுதான். செங்டுவில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,000 மணி நேரம்தான் வெயில். நாளொன்றுக்கு மூன்று மணி நேரம்கூடத் தேறாது. பெய்ஜிங்கில் அது இரண்டு மடங்குக்கும் மேல். டிசம்பரிலோ ஜனவரியிலோ திடீரென்று ஒருநாள் வெயில் அடித்தால் செங்டுவாசிகள் வேலையை விட்டுவிட்டுப் பூங்காப் புல்வெளிக்கு ஓடுவார்கள் என்பது அவர்களே தங்களைப் பற்றிச் சொல்லிச் சிரிக்கும் விஷயம். குரைப்பது மட்டும்தான் பாக்கி.

புகை கலந்து பரவக்கூடிய உயரத்துக்குக் கலப்பு உயரம் என்று பெயர். அறையின் கூரை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுபோல. கோடைப் பிற்பகலில் அந்தக் கூரை 1,500 மீட்டரில் இருந்து, குளிர்காலத்தில் 500 மீட்டருக்கு இறங்கிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊரில் ஒரு கார்கூடக் கூடாமலேயே காற்றில் மாசு மூன்று மடங்காகிவிடும்.

இதுவரை பார்த்ததைத் தொகுத்தால்: பக்கவாட்டில் மலை, மேலே வெப்பக் காற்றின் மூடி, நடுவில் வீசாத காற்று. சாம்பல் வானத்தில் பெரும்பங்கு மேகமும் ஈரமும். அது மாசு என்று ஆகாது. ஆனால் அந்த வானத்தைத் தரும் அதே நிலைமைதான் மாசையும் தேக்குகிறது. அதனால்தான் இரண்டும் ஒன்றாகத் தெரிகின்றன.

உப்பு ஜாடியின் வேலை

காற்று மாசு பற்றிய பேச்சில் அடிக்கடி அடிபடும் பெயர் பி.எம். 2.5. இது 2.5 மைக்ரோமீட்டரோ அதற்கும் குறைவாகவோ குறுக்களவுள்ள நுண்துகள்களைக் குறிக்கும். தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இராது. மூக்கின் வடிகட்டிகளைத் தாண்டி நுரையீரலின் ஆழம் வரை போய்விடும் என்பதால்தான் இதற்கு இவ்வளவு கவனம்.

இந்தத் துகள்கள் எல்லாம் புகைபோக்கியிலிருந்து துகளாகவே வருவதில்லை. கணிசமான பங்கு காற்றிலேயே பிறக்கிறது. வண்டிப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடுகளும், உரமிட்ட வயல்களிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் கிளம்பும் அமோனியாவும் சேர்ந்தால் அமோனியம் நைட்ரேட் என்ற உப்பு உண்டாகும். வளமான சமவெளி, நடுவில் கார் நிறைந்த பெருநகரம்: இரண்டு சரக்கும் செங்டுவில் தாராளம்.

உப்பு என்றால் மழைக்காலத்தில் ஜாடியில் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும். ஈரத்தை இழுத்துக் கசியும். காற்றில் மிதக்கும் இந்த உப்புத் துகள்களும் அப்படியே ஈரம் குடித்துப் பருக்கின்றன. பருத்த துகள் ஒளியை அதிகம் சிதறடிக்கும், எதிர்க்கட்டடம் மங்கும். செங்டுவின் காற்றில் ஈரப்பதம் ஆண்டு முழுவதும் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். ஆகவே, அதே அளவு துகள் வறண்ட பெய்ஜிங்கில் இருப்பதைவிட இங்கே பார்வையை அதிகம் மறைக்கும். ஈரத்தில் அந்த வேதிவினைகளும் விரைவாக நடப்பதால் புதுத் துகள்களும் கூடும். மூடுபனியா, புகையா என்று பட்டிமன்றம் நடத்துவதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்: ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போடுகிறது.

நிலக்கரி எங்கே?

சீனாவின் குளிர்காலப் புகை என்றாலே நிலக்கரி எரித்து வீடுகளைச் சூடாக்குவதுதான் என்று ஒரு பொது எண்ணம் இருக்கிறது. வட சீனாவைப் பொறுத்தவரை அதில் நிறைய உண்மை உண்டு. ஆனால் அரசே குழாய் வழியாக வீடுகளுக்கு வெப்பம் தரும் ஏற்பாடு, சின்லிங் மலையையும் ஹுவாய் ஆற்றையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கேதான். செங்டு அதற்குத் தெற்கே. அங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள்ளேயே கம்பளிச் சட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். மின்சாரமும் சிச்சுவானில் பெரும்பாலும், ஏறக்குறைய 80 சதவீதம், நீர்மின் நிலையங்களிலிருந்தே வருகிறது.

பிறகு எது? 60 லட்சத்தைத் தாண்டிய வண்டிகள், சுற்றுவட்டாரத் தொழிற்சாலைகள், கட்டட வேலைப் புழுதி. மே மாதத்தில் கோதுமையும் கடுகு வகைப் பயிரும் அறுவடையானதும் வயலில் மிஞ்சும் பயிர்த்தாளைக் கொளுத்தும் பழக்கம் ஒரு காலத்தில் நகரையே மறைத்தது. இப்போது தடை இருக்கிறது.

தை மாதத்திலோ மாசித் தொடக்கத்திலோ வரும் அவர்களுடைய புத்தாண்டுக்கு முன்பு, பன்றி இறைச்சியை உப்பில் ஊறவைத்து, சைப்ரஸ் மரக் கிளைகளின் புகையில் வாட்டிப் பதப்படுத்துவது சிச்சுவான் வீடுகளின் வழக்கம். 2015 ஜனவரியில் சிச்சுவானின் டாசோ நகர அதிகாரிகள், நகரின் புகைமூட்டத்துக்கு இந்த இறைச்சிப் புகையும் ஒரு காரணம் என்று சொல்லப் போக, நாடே சிரித்தது. "எங்கள் பாட்டி காலத்திலிருந்து புகை போடுகிறோம், அப்போதெல்லாம் வானம் எங்கே போயிருந்தது?" என்ற தொனியில் கேலி பறந்தது. கேள்வி நியாயமானதுதான். என்றாலும் அதிகாரிகள் சொன்னது முழு அபத்தம் என்று என்னால் தள்ள முடியவில்லை. மூடி விழுந்த நாளில், தரை மட்டத்தில், குடியிருப்புகளுக்கு நடுவே போடும் ஈரக் கிளைப் புகை அந்தத் தெருக்காரர்களின் மூக்குக்கு நேராகப் போகும். ஆனால் அதை முன்னால் நிறுத்திவிட்டுக் காரையும் ஆலையையும் பின்னால் ஒளிப்பதுதான் கோபத்துக்குக் காரணம்.

நீல வானத்தின் ஏமாற்று

கோடையில் காட்சி தலைகீழ். தரை சூடாகிறது, மூடி திறக்கிறது. வங்கக்கடலிலிருந்தும் தென்சீனக் கடலிலிருந்தும் ஈரக் காற்று வந்து சேர்கிறது. ஆண்டு மழையில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கிறது. பெருமழை துகள்களை அடித்துக்கொண்டு போய்விடும். (குளிர்காலத் தூறலுக்கு அந்தத் தெம்பு கிடையாது, ஈரத்தைக் கூட்டிவிட்டுப் போய்விடும்.)

இங்கே ஒரு வேடிக்கை. செங்டுவில் மழை இரவில் பெய்வதையே விரும்பும். பகலில் சூடேறிய மலைச் சரிவுகள் இரவில் குளிர, அங்கிருந்து குளிர்ந்த காற்று கிண்ணத்துக்குள் சரிந்து இறங்கி, உள்ளே இருக்கும் ஈரக் காற்றை மேலே நெம்புகிறது. மேகத்தின் மேல்பரப்பும் இரவில் வெப்பத்தை இழந்து குளிர்வதால் மேகத்துக்குள் கொந்தளிப்பு கூடுகிறது. விடியும்போது தெரு ஈரம், மழை இல்லை. அந்த இரவு மழை பழைய கவிஞர்களுக்குப் பிடித்த பொருள்.

மழை ஓய்ந்து நல்ல வெயில். வானம் நீலம். மலை தெரிகிறது. ஆனால் காற்றுத் தரக் குறியீடு "மாசு" என்கிறது! கருவி பழுதோ என்று தோன்றும். பழுதில்லை, ஆள் மாறிவிட்டான்: ஓசோன்.

ஓசோனை எந்தப் புகைபோக்கியும் உமிழ்வதில்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளும், பெட்ரோல், பெயின்ட், மரச்சாமான் மெருகு போன்றவற்றிலிருந்து ஆவியாகும் கரிமச் சேர்மங்களும் சுட்டெரிக்கும் வெயிலில் வெந்து ஓசோனாகின்றன. வெயில்தான் அடுப்பு. அதனால் பிற்பகலில் உச்சம். நிறமற்றது, கண்ணுக்குத் தெரியாது. வானத்தின் உயரத்தில் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் அதே வாயு, மூக்கருகே வந்தால் மூச்சுக்குழாயை எரிச்சலூட்டும். கோடைப் பகலில் பெட்ரோல் போடாமல் இரவில் போட்டால் தள்ளுபடி என்று செங்டுவின் பெட்ரோல் பங்குகள் அறிவித்ததன் காரணம் இதுதான்: இரவில் ஆவியாகும் பெட்ரோலுக்கு அடுப்பு இல்லை.

கிண்ணம் கோடையில் முற்றிலும் நல்லபிள்ளை என்றும் நினைத்துவிட வேண்டாம். 2022 ஆகஸ்டில் மழை பொய்த்தது. வெப்பநிலை செங்டுவில் 40 டிகிரியைத் தாண்டியது. கிண்ணத்தின் கிழக்குப் பக்கத்தில், சோங்சிங் மாநகரின் பெய்பெய் வட்டாரத்தில், 45 டிகிரி. நீர்மின் நிலையங்களுக்குத் தண்ணீர் இல்லை. ஆலைகளுக்கு மின்சாரம் நிறுத்தப்பட்டது. செங்டுவின் மெட்ரோ நிலையங்களில் விளக்கைக் குறைத்து ஓட்டினார்கள். மழைக்காலத்தை நம்பி அமைந்த மாகாணம், மழைக்காலத்திலேயே தவித்தது.

சுருக்கமாக: குளிர்காலத்தில் எதிரி நுண்துகள், துணைக்கு மூடியும் ஈரமும். கோடையில் எதிரி ஓசோன், துணைக்கு வெயில். வசந்தத்தில் எப்போதாவது வடக்கிலிருந்து பாலைப் புழுதி எட்டிப்பார்க்கும். இலையுதிர்காலத்தில் நாள்கணக்கில் நசநசவென்று தூறல்; மனதுக்குச் சலிப்பு, காற்றுக்குப் பரவாயில்லை.

மலை அசையவில்லை, எண் அசைந்தது

"எல்லாம் நில அமைப்பு, என்ன செய்ய முடியும்?" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. செங்டுவின் ஆண்டுச் சராசரி பி.எம். 2.5 அளவு 2013 இல் ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமை நெருங்கியிருந்தது. 2020 வாக்கில் 40ஐ ஒட்டி வந்துவிட்டது. அந்த ஏழு ஆண்டுகளில் சின்லிங் ஒரு அங்குலம் நகரவில்லை, பீடபூமி தாழவில்லை, கார் குறையவில்லை. நிலக்கரிக் கொதிகலன்களை மூடியதும், வண்டிப் புகைக்கான விதிகளை இறுக்கியதும், பயிர்த்தாள் எரிப்பைத் தடுத்ததும்தான் மாறியவை. கிண்ணத்தை மாற்ற முடியாது. அதில் ஊற்றுவதைக் குறைக்க முடியும். உலக சுகாதார நிறுவனம் 2021 இல் பரிந்துரைத்த அளவு 5தான் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். போக வேண்டிய தூரம் மிச்சமிருக்கிறது.

ஒரே உமிழ்வை வைத்துக்கொண்டு காற்றோட்டமுள்ள கடலோர நகரம் தப்பிவிடும், செங்டு தப்பாது. ஆகவே பெய்ஜிங்குக்கோ ஷாங்காய்க்கோ போதுமான கட்டுப்பாடு செங்டுவுக்குப் போதாமல் போகலாம். நில அமைப்பு ஒரு ஊரைக் குற்றத்திலிருந்து விடுவிப்பதில்லை, பொறுப்பைத்தான் கூட்டுகிறது என்பது என் கட்சி.

எண்ணை எப்படிப் படிப்பது?

காற்றுத் தரக் குறியீடு என்பது பல மாசுகளில் அன்று மோசமாக இருப்பது எதுவோ அதை மட்டும் எடுத்து ஒற்றை எண்ணாகச் சொல்வது. எந்த மாசு என்பது பக்கத்தில் சிறு எழுத்தில் இருக்கும், அதையும் பாருங்கள். நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறு. ஒரு கன மீட்டரில் 75 மைக்ரோகிராம் நுண்துகள் இருந்தால், சீனா 2012 இல் வகுத்த அளவுகோலில் குறியீடு 100. அமெரிக்க அளவுகோலில் அதே காற்றுக்கு 150ஐத் தாண்டும். ஒரே நகரம், ஒரே நேரம், இரண்டு செயலிகளில் இரண்டு எண் என்று குழம்புவோர் பலர் இதைக் கவனிப்பதில்லை.

ஜனவரியில் ஒரு காலை. வானம் சாம்பல், காற்று அசையவில்லை, மூன்றாவது நாளாக இப்படியே. எண் நேற்றைவிட உயர்ந்திருக்கும். மூடி விழுந்து, கிண்ணம் நிரம்பிக்கொண்டிருக்கிறது. அன்று மாலையே குளிர்காற்று ஒன்று சின்லிங்கைத் தாண்டி, வடகிழக்கு இடைவெளிகள் வழியாக உள்ளே புகுந்துவிட்டால், ஜன்னல் கண்ணாடி அதிரும். மறுநாள் காலை எண் பாதியாகியிருக்கும், மொட்டைமாடியில் கேமராக்காரர்கள் வந்திருப்பார்கள். ஜூலையில் வானம் அதே சாம்பல், இரவெல்லாம் மழை. எண் 40க்குக் கீழே. அன்று மலை தெரியாது. ஆனால் ஓட்டப் பயிற்சிக்கு அதைவிட நல்ல நாள் அந்த ஊரில் கிடைப்பது கஷ்டம்.